முட்டைக்கோழிப் பண்ணையில் குடற்புழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல் பக்கம் கூண்டிலோ ஆழ்கூளத்திலோ (தரையில் தடிமனாகப் பரப்பிய கூளம்) சில ஆயிரம் முட்டைக்கோழிகளுக்கு மேல் வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. கணக்குகள் எல்லாம் 10,000 கோழி, சராசரி எடை ஒன்றரை கிலோ என்று வைத்துப் போட்டவை. மொத்தம் 15,000 கிலோ உயிர் எடை. உங்கள் பண்ணையின் எண்ணிக்கைக்கும் எடைக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

கூண்டில் இருக்கும் கோழி தரையையே தொடுவதில்லை. அதற்கு எப்படிப் புழு வரும்?

ஈ வழியாக வரும். நாடாப்புழுவுக்கு நடுவில் ஒரு பூச்சி வேண்டும். அது இல்லாமல் ஒரு கோழியிலிருந்து இன்னொரு கோழிக்கு நேராகப் போகாது. எச்சத்தோடு வெளியே வரும் புழுத்துண்டுகளில் முட்டைகள் நிறைந்திருக்கும். கூண்டுக்குக் கீழே குவிந்த எருவில் அதை ஈயோ வண்டோ எறும்போ தின்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் பூச்சியின் உடலுக்குள் இளம்பருவம் தயாராகிவிடும். தீவனத் தொட்டியில் உட்காரும் ஈயைக் கோழி கொத்தி விழுங்குகிறது. அதன்பின் இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் கோழியின் எச்சத்திலும் புழுத்துண்டுகள் விழத் தொடங்கும்.

உயர்மேடைக் கொட்டகையில் எரு மாதக்கணக்கில் கீழேயே கிடக்கிறது. மழைக்காலத்தில் அது ஈரமாகி ஈ பெருகினால், அடுத்த ஓரிரு மாதத்தில் நாடாப்புழு தலைதூக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

உருண்டைப்புழுவின் கதை வேறு. அதற்குப் பூச்சி தேவையில்லை. எச்சத்தில் விழும் முட்டை, கூளத்தின் ஈரத்திலும் வெப்பத்திலும் 10 முதல் 20 நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். கூளத்தைக் கிளறும் கோழி அதைத் தின்றால் போதும். ஆகவே அது ஆழ்கூளத்தின் நோய். கூண்டுக் கோழிக்கு உருண்டைப்புழு இருந்தால், பெரும்பாலும் கூளத்தில் வளர்ந்த காலத்தில் வாங்கிக்கொண்டு வந்ததாக இருக்கும்.

எந்தெந்தப் புழுக்களைக் கவனிக்க வேண்டும்?

நான்கு வகை. சிறுகுடலில் இருக்கும் பெரிய உருண்டைப்புழு வெள்ளையாக, வேகவைத்த சேமியா போல 5 முதல் 11 சென்டிமீட்டர் வரை நீளும். நாடாப்புழு தட்டையாக, கண்ணி கண்ணியாக இருக்கும். மயிரிழைப்புழு பெயருக்கேற்றபடி மயிர் போல மெலிந்தது. வெறுங்கண்ணுக்குத் தப்பிவிடும், ஆனால் குறைந்த எண்ணிக்கையிலேயே குடலைப் புண்ணாக்கும். நான்காவது, சீக்கம் எனப்படும் இரட்டைப் பைக்குடலின் நுனியில் இருக்கும் ஒரு சென்டிமீட்டர் அளவுப் புழு. அது தானாகச் செய்யும் கேடு குறைவு. ஆனால் கருந்தலை நோயின் கிருமியைத் தன் முட்டைக்குள் சுமந்து வரும். வான்கோழி பக்கத்தில் வைத்திருப்பவர்கள் அதற்குப் பயப்பட வேண்டும்.

முட்டை உற்பத்தி 3, 4 சதவீதம் இறங்கிவிட்டது. புழு மருந்து போட்டுவிடலாமா?

வேண்டாம். முதலில் குடலை வெட்டிப் பாருங்கள். உற்பத்தி இறங்க தீவனத்தில் பூஞ்சை நச்சு, வெயில், தண்ணீர்க் குறைவு, வெள்ளைக்கழிச்சல், ஐபி எனப்படும் மூச்சுக்குழல் தொற்று என்று பத்துக் காரணம் உண்டு. கொண்டை வெளுப்பது, எடை குறைவது, மஞ்சள்கருவின் நிறம் மங்குவது, தீவனம் வழக்கம்போலத் தின்றும் முட்டை ஏறாதது எல்லாம் புழுவிலும் வரும், மற்றதிலும் வரும். புழுவே இல்லாத கோழிக்கு மருந்து கொடுத்தால் பணம் போவதோடு நிற்காது. உண்மையான காரணத்தைத் தேடும் ஒரு வாரமும் போய்விடும்.

வெட்டிப் பார்ப்பது என்றால் சரியாக எப்படி?

நன்றாக இருக்கும் கோழியை எடுத்தால் விடை கிடைக்காது. கழிக்க ஒதுக்கியவற்றில் மெலிந்த, கொண்டை வெளுத்த 5 அல்லது 6 கோழிகளைக் கொட்டகையின் வெவ்வேறு வரிசையிலிருந்து எடுங்கள். இறந்து ஆறு மணி நேரமான கோழி உதவாது. குடல் அழுகத் தொடங்கினால் மெல்லிய புழுக்கள் கரைந்துபோகும்.

இரைப்பையிலிருந்து ஆசனவாய் வரை குடலைப் பிரித்தெடுத்து, முனை மழுங்கிய கத்தரிக்கோலால் நீளவாக்கில் பிளக்கவும். கறுப்பு நிறத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதற்குள் விரித்து வையுங்கள். வெள்ளைத் தட்டில் வெள்ளைப் புழு தெரியாது என்பதுதான் கறுப்புத் தட்டுக்குக் காரணம். உருண்டைப்புழு உடனே தெரியும். நாடாப்புழு தண்ணீரில் மெல்ல மிதந்து ஆடும். தலை மட்டும் குடல்சுவரில் புதைந்திருக்கும். இழுத்தால் தலை அறுந்து உள்ளேயே நின்றுவிடும், இழுக்காமல் பாருங்கள். குடலின் வெளிப்புறத்தில் கடுகு அளவு முடிச்சுகள் தெரிந்தால் அதுவும் ஒருவகை நாடாப்புழுவின் வேலைதான். காசநோய் முடிச்சு என்று தவறாக எண்ணுவது உண்டு.

அடுத்து, குடலின் முதல் வளைவின் உட்புறத்தைக் கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டி, அந்தச் சளியைத் தட்டில் தண்ணீரோடு கலந்து கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். மயிரிழைப்புழுவும், 4 மில்லிமீட்டரைத் தாண்டாத மிகச் சிறிய நாடாப்புழுவும் இங்கேதான் ஒளிந்திருக்கும். கடைசியாக, சீக்கப் பைகளின் நுனியை வெட்டிப் பிதுக்குங்கள்.

எந்தக் கோழியில் எந்தப் புழு, எத்தனை என்று எழுதி வையுங்கள். மருந்துக்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் வேண்டும்.

எச்சப் பரிசோதனை போதாதா?

உருண்டைப்புழுவுக்கும் மயிரிழைப்புழுவுக்கும் நல்ல வழி, நாடாப்புழுவுக்கு நம்ப முடியாத வழி. நாடாப்புழுவின் முட்டைகள் துண்டுக்குள் அடைபட்டு மொத்தமாக விழுவதால், நீங்கள் எடுத்த மாதிரியில் ஒன்றுமே இல்லாமல் போகலாம். அதற்கு அதிகாலையில் புது எச்சத்தின் மேல் அரிசிக் குருணை போல அசையும் துண்டுகளைத் தேடுவதே மேல்.

ஆய்வகத்தில் செய்வது இதுதான்: 4 கிராம் எச்சத்தை 56 மில்லி கெட்டியான உப்புக் கரைசலில் கரைத்து வடிகட்டி, எண்ணும் கண்ணாடியின் இரண்டு அறைகளில் நிரப்பி, மிதந்து வரும் முட்டைகளை எண்ணுகிறார்கள். இரண்டு அறைகளின் மொத்தத்தை 50 ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று வரும். உப்புக் கரைசல் என்பது ஒரு லிட்டர் சூடான தண்ணீரில் 400 கிராம் கல்லுப்பு. அடியில் கொஞ்சம் கரையாமல் தங்கினால்தான் கரைசல் நிறைவாக இருக்கிறது என்று பொருள்.

ஐரோப்பாவில் கூண்டில்லாப் பண்ணைகளில் ஒரு கிராமுக்கு 200 முட்டையைத் தாண்டினால் மருந்து என்ற அளவுகோலைச் சோதித்துப் பயன்படுத்துகிறார்கள். இந்த எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டாம். இளம்புழு முட்டை இடாது என்பதால், குறைந்த எண் வந்தாலும் குடலில் புழு நிறைய இருக்கலாம். மாதிரி எடுக்கும்போது ஒரு கொட்டகைக்கு 20 இடங்களிலாவது புது எச்சம் எடுத்து, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கும்போது, இதைச் செய்யாமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

எந்தப் புழுவுக்கு எந்த மருந்து?

இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. பிப்பரசின் பெரிய உருண்டைப்புழுவை மட்டும், அதிலும் வளர்ந்த புழுவை மட்டும் மயக்கி வெளியேற்றும். நாடாப்புழுவையும் மயிரிழைப்புழுவையும் தொடாது. நாடாப்புழு உள்ள கூண்டுக் கொட்டகைக்கு மாதாமாதம் பிப்பரசின் ஊற்றினால் ஒரு பலனும் கிடைக்காது.

லெவாமிசோல் உருண்டைப்புழு வகைகளில் வேலை செய்யும், இளம்பருவத்தையும் ஓரளவு தாக்கும். நாடாப்புழுவுக்கு உதவாது. பென்பெண்டசோல் உருண்டைப்புழு, சீக்கப்புழு இரண்டுக்கும் நம்பகமானது. ஒரே வேளையாகக் கொட்டுவதைவிடத் தினமும் சிறிய அளவாக ஐந்து நாள் கொடுக்கும்போதுதான் இந்த மருந்து முழுப் பலன் தரும், ஏனென்றால் புழு மருந்தோடு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே இங்கு முக்கியம்.

நாடாப்புழுவுக்கு நிக்ளோசமைடு, பிராசிகுவாண்டெல், அல்லது உயிர் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற உயர்ந்த அளவில் அல்பெண்டசோல். பிராசிகுவாண்டெல் நன்றாக வேலை செய்யும். ஆனால் விலையும் அதிகம், கசப்பும் அதிகம். எது உங்கள் கொட்டகைக்கு, எந்த அளவில் என்பதைக் கால்நடை மருத்துவர் சீட்டெழுதித் தர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: பண்ணையில் புறா வைத்திருந்தால் அல்பெண்டசோல், பென்பெண்டசோல் கலந்த தீவனம் அவற்றுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோழி தாங்கும் அளவு புறாவைக் கொன்றுவிடும்.

10,000 கோழிக்கு எவ்வளவு மருந்து?

எப்போதும் முதலில் மருந்துச்சத்தைக் கணக்கிட்டு, அப்புறம் பாக்கெட்டில் போட்டிருக்கும் சதவீதத்துக்கு மாற்ற வேண்டும்.

பென்பெண்டசோல் கிலோ எடைக்கு தினம் 1 மில்லிகிராம், ஐந்து நாள். 15,000 கிலோவுக்குத் தினம் 15 கிராம் மருந்துச்சத்து. ஐந்து நாளைக்கு 75 கிராம். மருந்து 20 சதவீதத் திரவம் என்றால் தினம் 75 மில்லி.

லெவாமிசோல் கிலோவுக்கு 20 மில்லிகிராம், ஒரே வேளை. 300 கிராம் மருந்துச்சத்து. 30 சதவீதத் தூள் என்றால் 1 கிலோ.

அல்பெண்டசோல் கிலோவுக்கு 20 மில்லிகிராம், 300 கிராம். 10 சதவீதத் திரவம் என்றால் 3 லிட்டர்.

பிப்பரசின் வளர்ந்த கோழி ஒன்றுக்கு 100 மில்லிகிராம், ஆக 1 கிலோ. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்த 100 மில்லிகிராம் என்பது பிப்பரசின் மூலச்சத்து. ஹெக்சாஹைட்ரேட் உப்பில் அது 44 சதவீதம்தான், அடிப்பேட்டில் 37, சிட்ரேட்டில் 35. 1 கிலோ மூலச்சத்து வேண்டுமானால் ஹெக்சாஹைட்ரேட் சுமார் 2.27 கிலோ வேண்டும். இதைக் கவனிக்காமல் 1 கிலோ உப்பை ஊற்றினால் பாதிக்கும் குறைவான டோஸ்தான் போகிறது.

எடையைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். வெவ்வேறு வரிசையிலிருந்து 100 கோழியை நிறுத்துப் பார்த்து, சராசரிக்குச் சற்று மேலே வைத்துக் கணக்கிடுங்கள். குறைந்த டோஸ் பலவீனமான புழுவைக் கொன்று, தாங்கும் புழுவை மட்டும் மிச்சம் வைக்கும்.

நிப்பிள் லைனில் (கோழி கொத்தினால் தண்ணீர் சொட்டும் குழாய்) எப்படிக் கொடுப்பது?

முந்தைய நாளே வேலை தொடங்குகிறது. காலை 6 முதல் 11 வரை கொட்டகை எத்தனை லிட்டர் குடிக்கிறது என்று மீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் கோழிக்கு 250 மில்லி என்றால் நாளுக்கு 2,500 லிட்டர். அந்த ஐந்து மணி நேரத்தில் 800 லிட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சித்திரை வெயிலில் இந்தக் கணக்கே மாறிவிடும், அதனால் பழைய எண்ணை நம்ப வேண்டாம்.

முந்தைய மாலை குழாய்களைக் கழுவி, கடைசி முனையைத் திறந்து அழுக்கை வெளியேற்றுங்கள். உள்ளே வழுவழுப்பாகப் படிந்த பாசி மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். மேல்தொட்டியில் குளோரின் போடுவதை அன்று நிறுத்துங்கள். காலையில் ஒரு மணி நேரம் தண்ணீரை அடைத்துவைத்தால் கோழிகள் ஒரே நேரத்தில் குடிக்க வரும். கோடையில் இந்த அடைப்பு வேண்டாம்.

டோசிங் பம்ப், அதாவது மருந்துக் கரைசலைக் குழாய்த் தண்ணீரில் அளவாகச் சேர்க்கும் பம்ப், 1 சதவீதத்தில் ஓடினால் 800 லிட்டருக்கு 8 லிட்டர் மூலக்கரைசல் தேவை. மருந்தை முதலில் ஒரு லிட்டரில் நன்றாகக் கலக்கி, பிறகு 8 லிட்டராக்குங்கள். தண்ணீரைத் திறந்ததும் ஒவ்வொரு லைனின் கடைசி முனையையும் மருந்து வந்து சேரும்வரை திறந்து வைக்க வேண்டும். இல்லையென்றால் முனையில் இருக்கும் 200 கோழி முதல் ஒரு மணி நேரம் பழைய தண்ணீரையே குடிக்கும்.

தண்ணீரில் கரையும் என்று லேபிளில் போடாத மருந்தை லைனில் விடவே கூடாது. சாதாரண அல்பெண்டசோல் திரவம் கரைவதில்லை, மிதந்து பின்பு படியும். முதல் கூண்டுகளுக்கு அதிகமாகவும் கடைசிக்கு ஒன்றுமில்லாமலும் போய், நிப்பிளும் அடைக்கும்.

தீவனத்தில் கலப்பது எப்படி?

கரையாத மருந்துக்கு இதுதான் வழி. கோழிக்கு நாளுக்கு 110 கிராம் என்றால் 1,100 கிலோ. மருந்தை நாள் தீவனம் முழுக்கப் பரப்பாமல் காலை வேளைக்கான 440 கிலோவில் கலந்து, முந்தைய இரவு தொட்டி காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பசித்த கோழி ஒரே மூச்சில் தின்றுவிடும்.

300 கிராமை நேராக மிக்ஸரில் கொட்டினால் ஒரு மூலையில் தங்கிவிடும். முதலில் 10 கிலோ தவிட்டில் கையால் தேய்த்துக் கலந்து, அதை 50 கிலோ தீவனத்தில் கலந்து, பிறகு மிக்ஸரில் மீதியோடு ஓட்டுங்கள். திரவமாக இருந்தால் தவிட்டின் மேல் தெளித்து உலர்த்திக்கொள்ளலாம்.

அந்த நாட்களில் முட்டையை விற்கலாமா?

லேபிளில் முட்டைக்கான நிறுத்தக் காலம் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். எதுவும் உறுதிப்படுத்தப்படாத மருந்துக்கு, இந்திய மருந்து விதிகளில் 2012 இல் வந்த திருத்தத்தின்படி முட்டைக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். 90 சதவீத உற்பத்தியில் 10,000 கோழி என்றால் 7 நாளில் 63,000 முட்டை. இந்த இழப்பைப் பார்த்துப் பலர் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அந்த முட்டை சத்துணவுத் தட்டிலும் விழுகிறது என்பதை மறக்கக் கூடாது.

தண்ணீரில் கொடுக்கும் பென்பெண்டசோலுக்கு, மேலே சொன்ன 1 மில்லிகிராம் அளவில், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முட்டைக்கு நிறுத்தக் காலம் பூஜ்யம். நம் கையில் இருக்கும் பாக்கெட்டுக்கும் அதே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாமல் லேபிளைப் படியுங்கள்.

அப்படியானால் எப்போது கொடுப்பது நல்லது?

முட்டை தொடங்குவதற்கு முன். ஆழ்கூளத்தில் வளரும் குஞ்சுக்கு 6, 7 வாரத்தில் ஒருமுறை, 12 ஆம் வாரத்தில் மறுபடி, கூண்டுக்கு மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பு, சுமார் 15 ஆம் வாரத்தில், கடைசியாக. இந்தக் கடைசி டோஸ்தான் மிக மதிப்புள்ளது: புழு இல்லாமல் கூண்டேறும் கோழிக்கு உருண்டைப்புழு திரும்பவும் வருவது அரிது, முட்டையை ஒதுக்கும் கவலையும் இல்லை. முட்டைக்கு முந்தைய தடுப்பூசிக்கும் இதற்கும் நடுவே சில நாள் இடைவெளி விடுங்கள்.

முட்டையிடும் காலத்தில் காலண்டரைப் பார்த்து மருந்து போட வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழிவுக்கோழியை வெட்டிப் பார்த்து முடிவெடுங்கள். இறகு உதிர்த்து முளைக்கும் நேரத்தில் பென்பெண்டசோல் வகைகளை அதிக அளவில் கொடுத்தால் புது இறகு கோணலாக வரும்.

மருந்து கொடுத்த ஒரு மாதத்தில் மறுபடி புழு. மருந்து போலியா?

இருக்கலாம், ஆனால் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது அது. நாடாப்புழு என்றால் கொட்டகையில் ஈ குறையவில்லை என்று பொருள். இன்று குடலைச் சுத்தம் செய்த கோழி நாளையே அடுத்த ஈயை விழுங்கும். உருண்டைப்புழு என்றால், நீங்கள் கொடுத்தது பிப்பரசினா என்று பாருங்கள். குடல்சுவரில் இருந்த இளம்புழு தப்பி, வளர்ந்துவிட்டது. அதனால்தான் 3, 4 வாரத்தில் இரண்டாம் டோஸ் வேண்டியிருக்கிறது.

மருந்து வேலை செய்ததா என்பதை அறிய, கொடுப்பதற்கு முன்பும், முடித்து 10 முதல் 14 நாள் கழித்தும் எச்சத்தில் முட்டையை எண்ணுங்கள். 90 சதவீதத்துக்குக் கீழேதான் குறைந்திருக்கிறது என்றால், முதலில் டோஸ் கணக்கையும் கலந்த விதத்தையும் சரிபாருங்கள். அதில் தவறில்லை என்றால் மருந்தை மாற்ற வேண்டிய நேரம். அமெரிக்காவில் வான்கோழிகளின் உருண்டைப்புழு பென்பெண்டசோலைத் தாங்கிக்கொள்வது உறுதியாகியிருக்கிறது. நம் பண்ணைக்கு வராது என்று சொல்ல முடியாது.

ஈயை எப்படிக் கட்டுப்படுத்துவது?

நாடாப்புழு சிகிச்சையில் பாதி வேலை இதுதான். காய்ந்த எருவில் ஈ முட்டையிட்டாலும் ஈப்புழு பிழைக்காது. கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்கும் எரு ஆபத்து, பொலபொலவென்று உதிரும் எரு நல்லது. ஒழுகும் நிப்பிளுக்குக் கீழே ஈரவட்டம் தெரியும்; தினமும் ஒருவர் கொட்டகைக்கு அடியில் நடந்து அந்த வட்டங்களைக் குறித்து, மேலே உள்ள நிப்பிளை அன்றே மாற்ற வேண்டும். தீவனத்தில் உப்பு கூடினால் தண்ணீர் குடிப்பது கூடும், எச்சம் நீர்த்துப்போகும். அதையும் பாருங்கள்.

ஈப்புழுவைத் தடுக்கத் தீவனத்தில் சைரோமசின் டன்னுக்கு 5 கிராம் மருந்துச்சத்து என்ற அளவில் 4 முதல் 6 வாரம் கொடுப்பது உண்டு. வருடம் முழுக்கக் கொடுத்தால் ஈயும் பழகிக்கொள்ளும். எருவை அள்ளும்போது முழுவதையும் வழித்தெடுக்காமல் அடியில் ஒரு சாண் காய்ந்த எருவை விட்டுவைத்தால் அதில் வாழும், ஈமுட்டையைத் தின்னும் சிறு பூச்சிகள் தப்பும்.

ஐவர்மெக்டின் கொடுக்கலாமா? பேனுக்கும் சேர்த்துப் போகும் என்கிறார்களே?

முட்டையிடும் கோழிக்கு வேண்டாம். நாடாப்புழுவில் அதற்கு வேலையே இல்லை, மருந்தோ முட்டையில் தங்கும்.

பாக்கு, வேப்பிலை, பப்பாளி விதை?

பாக்கில் உள்ள அரிகோலின் நாடாப்புழுவை முடக்கும் என்பது உண்மை. ஒருகாலத்தில் நாய்களுக்குக் கொடுத்தார்கள். ஆனால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு, பாக்குக்குப் பாக்கு சத்தும் மாறும். வீட்டில் பத்துக் கோழிக்குப் பாட்டி கொடுத்த பக்குவத்தை 10,000 கோழிக்கு ஒரே அளவாகப் பகிர வழியில்லை.

ஆழ்கூளக் கொட்டகையை அடுத்த பேட்சுக்கு எப்படித் தயார் செய்வது?

உருண்டைப்புழு முட்டையின் ஓடு கெட்டியானது, வழக்கமான கிருமிநாசினி அதைத் துளைக்காது. சூடும் உலர்வும்தான் கொல்லும். பழைய கூளத்தைக் கொட்டகைக்கு வெளியே தூரத்தில் குவித்து, ஈரமாக்கித் தார்ப்பாய் மூடிச் சூடேற விடுங்கள். தரையைச் சுரண்டிக் கழுவி, முழுதும் காய்ந்த பின் தீப்பீச்சும் துப்பாக்கியால் சுடுவது சிமெண்டு விரிசலில் தங்கிய முட்டைக்குச் சரியான வைத்தியம். மண்தரை என்றால் மேல்மண்ணை இரண்டு அங்குலம் வழித்து மாற்ற வேண்டும்.

முட்டையை உடைத்தால் உள்ளே புழு இருந்தது என்று ஒரு வியாபாரி சொல்கிறார். நடக்குமா?

அரிதாக நடக்கும். பெரிய உருண்டைப்புழு குடலின் கடைசிப் பகுதியிலிருந்து முட்டைக்குழாய்க்குள் ஏறி, ஓடு மூடுவதற்கு முன் உள்ளே மாட்டிக்கொள்ளும். அந்தப் புழு மனிதரைத் தொற்றாது. ஆனாலும் அந்த முட்டை எந்தக் கொட்டகையிலிருந்து போனது என்று கண்டுபிடித்து, அன்றே அங்கே ஐந்து கோழியை வெட்டிப் பாருங்கள்.